நாலு பெட்டி, ஒரே ஞாபகம்

ஸ்விட்ச் மறுபடி துவங்கும்போது அதன் மின்விசிறிகள் முழு வேகத்தில் ஊளையிடும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஒரு பெட்டி ஊளையிட்டால் பரவாயில்லை, யாரோ வயரைத் தட்டிவிட்டிருப்பார்கள். மூன்று பெட்டிகள் சேர்ந்து ஊளையிட்டால் அடிவயிறு கலங்கும். 2012-இல், கோவையில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், இரவு பதினொன்றே கால் மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அப்போது என் விரல்கள் ஸ்டாக் கேபிளின் திருகைத்தான் முடுக்கிக்கொண்டிருந்தன. அதனால் வேறு யாரையும் சந்தேகப்பட வழியில்லை.

அந்த இரவுக்கு வருமுன், ஸ்டாக் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாடியில் நூற்றைம்பது கணினி, போன், பிரிண்டர் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையெல்லாம் ஒரே வலையில் இணைக்க நாற்பத்தெட்டு துளை உள்ள ஸ்விட்ச் நாலு வேண்டும். தனித்தனியாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி, ஒரு கடவுச்சொல், ஒரு கான்ஃபிக், அதாவது அமைப்பு வரிகளின் தொகுப்பு. ஒரு சின்ன மாற்றத்தை நாலு முறை தட்ட வேண்டும், நாலில் ஒன்றில் தப்பு விழும். இதற்கு வழியாக 2003-இல் சிஸ்கோ 3750 என்ற வரிசையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் இரண்டு ஸ்டாக் துளைகள். தடித்த கேபிளால் ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது, கடைசியிலிருந்து மறுபடி முதலுக்கு என்று வளையமாகக் கோத்துவிட்டால் ஒன்பது பெட்டிகள் வரை ஒரே ஸ்விட்ச் ஆகிவிடும். வளையத்தின் வேகம் நொடிக்கு 32 கிகாபிட். ஒரு கேபிள் அறுந்தால் வேகம் பாதியாகும், ஆனால் வேலை நிற்காது. கேபிள் மூன்று நீளங்களில் வந்தது: அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர். பெட்டிகள் அடுக்காக இருந்தால் அரை மீட்டர் போதும், ஆனால் வளையத்தை மூட கீழிருந்து மேலே போகும் கேபிள் நீளமாக இருக்க வேண்டும். அதை வாங்க மறந்துவிட்டு, வளையத்தை மூடாமலே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோத்த பிறகு ஒரு முகவரி, ஒரு கான்ஃபிக். துளைகளின் பெயரே அதைச் சொல்லும். 'கிகாபிட் 3/0/17' என்றால் மூன்றாம் பெட்டியின் பதினேழாவது துளை. நடுவில் அந்தப் பூஜ்யம் எதற்கு என்று புதிதாக வரும் எல்லாப் பையன்களும் கேட்பார்கள். அது மாட்யூல் எண், இந்தப் பெட்டியில் எப்போதும் பூஜ்யம்தான்.

பெட்டிகளில் ஒன்று தலைவன். அந்தக் காலத்துப் பெயர் மாஸ்டர், பின்னால் வந்த வரிசைகளில் ஆக்டிவ் என்று மாற்றிவிட்டார்கள். கான்ஃபிக் அவனிடம்தான் இருக்கும், மற்றவர்களிடம் அதன் நகல் இருக்கும். தலைவன் செத்தால் இன்னொருவன் எழுந்து, அந்த நகலை வைத்து ஆட்சியைத் தொடர்வான். யார் தலைவன் என்பதற்குத் தேர்தல் உண்டு. நாம் தரும் முன்னுரிமை எண் ஒன்று முதல் பதினைந்து வரை, பெரிய எண் வெல்லும். எதுவும் தராவிட்டால் எல்லாருக்கும் ஒன்று. மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் தொழிற்சாலையிலேயே பெட்டிக்குத் தரப்படும் மேக் முகவரி சிறியதாக இருப்பவன் வெல்வான். சின்ன மேக் முகவரி பெரும்பாலும் முதலில் செய்யப்பட்ட பெட்டியுடையது. ஆகவே நாம் வாயைத் திறக்காவிட்டால், அடுக்கில் இருப்பதிலேயே கிழட்டுப் பெட்டி தலைவனாக உட்கார்ந்துவிடும்.

இதே ஸ்விட்சுக்குள், வலையில் தரவு சுற்றிச் சுற்றி வராமல் தடுக்க, ஸ்பானிங் ட்ரீ என்று இன்னொரு தேர்தலும் நடக்கும். அங்கே சின்ன எண்தான் வெல்லும். ஒரே பெட்டி, இரண்டு தேர்தல், எதிரெதிர் விதி. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தடுமாறுவார்கள். நானும் தடுமாறித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை எல்லாரும் அண்ணே என்போம். மதுரைக்காரர். கருப்புத் திரையில் கமாண்ட் தட்டும்போது என் தோளுக்குப் பின்னால் நிற்பார். பாதி கமாண்டில் நிறுத்திக் கேள்விக்குறியைத் தட்டினால், அடுத்து என்னென்ன வார்த்தை வரலாம் என்று ஸ்விட்சே பட்டியல் போடும். "கேள்விக்குறிக்குக் காசு கிடையாதுடா, எண்டருக்குத்தான் காசு" என்பார். நான் அந்தக் காசைக் கட்டியது இரண்டு முறை.

முதல் முறை ஒரு கல்லூரியில். ஆய்வகத்துக்கு நாற்பது என்ற எண்ணில் ஒரு புது விலான் வேண்டும் என்றார்கள். விலான் என்பது ஒரே கம்பியில் ஓடும் தனித்தனித் தெருக்கள் மாதிரி. ஆசிரியர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. மையத்துக்குப் போகும் பெரிய இணைப்பான ட்ரங்கில் எந்தெந்த விலான் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் நாற்பதைச் சேர்க்க வேண்டும். தட்ட வேண்டியது 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 40'. நான் தட்டியதில் 'ஆட்' இல்லை.

அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் "பட்டியலில் நாற்பதையும் சேர்" என்பது "நாற்பது மட்டும்தான் பட்டியல்" என்று ஆகிவிடும். ஸ்விட்ச் உறுதி கேட்காது, எச்சரிக்காது. எண்டர் தட்டியதும் திரையில் கர்சர் அப்படியே நின்றுவிட்டது. நான் எந்த விலான் வழியாக உள்ளே நுழைந்திருந்தேனோ அதையும் சேர்த்து வெட்டிவிட்டேன். உட்கார்ந்திருந்த கிளையை அறுத்த கதை.

நான் இருந்தது கோவை, கல்லூரி ஈரோட்டுப் பக்கம். ஆனால் ஒரு ஆறுதல்: மாற்றத்தைச் சேமிக்கவில்லை. மின்சாரம் போய் வந்தால் பழைய கான்ஃபிக் தானாக வந்துவிடும். ஆய்வக உதவியாளரைப் போனில் பிடித்தேன்.

"அண்ணா, ரேக்கில மேல இருக்கிற பெட்டியோட பவர் ஒயரைப் பிடுங்கி, திரும்பச் சொருகுங்க."

"சொருகியாச்சுங்க தம்பி."

ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வரவில்லை.

"அதுக்குக் கீழ இருக்கிறதையும் அதே மாதிரி பண்ணுங்க."

பண்ணினார். வரவில்லை. மூன்றாவதையும் பண்ணினார். வரவில்லை. "தம்பி, நான் காலேஜ் பஸ்ஸுக்குப் போகணுங்களே" என்றார்.

அண்ணேவைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒண்ணு ஒண்ணாப் பிடுங்கினா எப்படிடா? ஒருத்தன் சாகும்போது அடுத்தவன்கிட்ட நகல் இருக்கே. அவன் திரும்பி வந்தா 'நீ இல்லாதப்ப இதுதான் நிலவரம்'னு உன் தப்பையே திருப்பிக் குடுப்பான். மூணையும் ஒரே நேரத்தில சாகடி."

ஸ்டாக்கை வாங்குவதே அதற்குத்தானே. ஒரு பெட்டி போனாலும் ஞாபகம் போகாது. ஆனால் எது சரி, எது தப்பு என்று அதற்குத் தெரியாது. என் நல்ல வரிகளை எவ்வளவு விசுவாசமாகக் காத்ததோ, அதே விசுவாசத்தோடு என் முட்டாள்தனத்தையும் கைமாற்றிக் கைமாற்றிக் காத்தது. உதவியாளர் மூன்று வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டுச் சொருகினார். கல்லூரி திரும்பி வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டதாக மறுநாள் சொன்னார்.

அதன் பிறகு தொலைவிலிருந்து எதை மாற்றினாலும் முதலில் நிலவரத்தைச் சேமித்துவிட்டு 'ரீலோடு இன் 10' என்று தட்டுவேன். பத்து நிமிடத்தில் நீயே மறுதுவக்கம் ஆகிக்கொள் என்று அர்த்தம். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் போய் வரும். நான் கிளையை அறுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் பழையது வந்துவிடும். எல்லாம் சரியென்றால் 'ரீலோடு கேன்சல்'. ஜூனிப்பர் பெட்டிகளில் இதையே இன்னும் மரியாதையாக வைத்திருக்கிறார்கள். 'கமிட் கன்ஃபர்ம்டு' என்று சொன்னால் மாற்றம் அமலுக்கு வரும், பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் தானாகப் பின்வாங்கிவிடும். மறுதுவக்கமே தேவையில்லை.

இரண்டாவது முறைதான் அந்த மருத்துவமனை.

இரண்டாம் மாடியில் மூன்று பெட்டி அடுக்கு. ஆய்வகம், பில்லிங், மருந்தகம், நர்ஸ் மேசைகளின் போன் எல்லாம் அதில். துளை போதவில்லை, நாலாவது பெட்டி வேண்டும். புதிது வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. அதே மாடலில் பழைய பெட்டி ஒன்று சென்னையிலிருந்து வந்தது. முறைப்படி எல்லாம் செய்ததாகத்தான் நினைத்தேன். மேசையில் வைத்து மென்பொருளை மற்ற மூன்றின் பதிப்புக்கே மாற்றினேன், இல்லாவிட்டால் 'வெர்ஷன் மிஸ்மாட்ச்' என்று சொல்லி ஸ்டாக் சேர்த்துக்கொள்ளாது. 'ரைட் இரேஸ்' தட்டி முன்பிருந்த ஊரின் கான்ஃபிக்கை முழுதாகத் துடைத்தேன். கைக்குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாத பெட்டி என்று நம்பி ரேக்கில் ஏற்றினேன்.

புதுப் பெட்டியை மின்சாரம் இல்லாமல்தான் வளையத்தில் சேர்க்க வேண்டும். கோத்து முடித்த பிறகு மின்சாரம் கொடுத்தால், ஏற்கெனவே தலைவன் இருப்பதைப் பார்த்து, உறுப்பினராக ஓரமாக உட்காரும். கைப்புத்தகத்தில் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் மேசையிலிருந்து தூக்கிவந்து ரேக்கில் வைத்ததும், சரியாக எழுகிறதா என்று பார்க்க மின்சாரம் கொடுத்திருந்தேன். அணைத்துவிட்டுக் கோத்து மறுபடி எழுப்ப இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். மணி பதினொன்று தாண்டிவிட்டது. கடைசி பஸ் நினைப்பு. எரிந்துகொண்டிருந்த பெட்டியிலேயே கேபிளைச் செருகினேன்.

எரிந்துகொண்டிருக்கும் தனிப் பெட்டி தன்னளவில் ஒரு தலைவன். ஏற்கெனவே ஆளும் தலைவன் இன்னொருவன். இரண்டு தலைவர்கள் ஒரே வளையத்தில் சந்தித்தால் தேர்தல். என் பழைய மூன்றுக்கும் முன்னுரிமை எண் யாரும் தரவில்லை, எல்லாம் ஒன்று. புதிதாக வந்ததோ முன்பு இருந்த இடத்தில் தலைவனாக இருந்த பெட்டி. அதன் எண் பதினைந்து. நான்தான் துடைத்துவிட்டேனே என்கிறீர்களா? 'ரைட் இரேஸ்' கான்ஃபிக்கைத்தான் துடைக்கும். பெட்டி எண்ணும் முன்னுரிமை எண்ணும் கான்ஃபிக்கில் இல்லை, தனி இடத்தில் இருக்கின்றன. படித்ததெல்லாம் மறந்துபோன பெட்டிக்குப் பதவி மட்டும் மறக்கவில்லை.

தோற்ற பக்கம் மறுதுவக்கமாகி, வென்றவனின் கான்ஃபிக்கை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுதான் விதி. மூன்று பெட்டிகளும் ஒன்றாக ஊளையிட்டன. போன்களுக்கு ஸ்விட்சிலிருந்துதான் மின்சாரம் போகும். நடைவழியில் எட்டிப் பார்த்தேன். நர்ஸ் மேசைப் போனின் சின்னத் திரை இருண்டிருந்தது. "என்னங்க தம்பி, எல்லா போனும் செத்துப்போச்சுங்களே?" என்றார் அந்தச் சிஸ்டர். "அஞ்சு நிமிஷம் சிஸ்டர்" என்றேன். தீவிரச் சிகிச்சைப் பிரிவின் மானிட்டர்கள் வேறு வலையில் இருந்தன. அதை நினைத்துத்தான் என்னால் மூச்சுவிட முடிந்தது.

ஐந்து நிமிடத்தில் பெட்டிகள் எழுந்தன. விளக்குகள் பச்சையாக எரிந்தன, போன் திரைகளில் வெளிச்சம் வந்தது, ஆனால் எதுவும் பேசவில்லை. லேப்டாப்பைப் பெட்டியின் கன்சோல் துளையில் செருகி 'ஷோ ஸ்விட்ச்' தட்டினேன். நாலு வரி. முதல் வரியில் நேற்று வந்த பெட்டி, மாஸ்டர், பதினைந்து. கீழே மூன்று உறுப்பினர்கள், ஒன்று, ஒன்று, ஒன்று. நாலும் 'ரெடி'. 'ஷோ ரன்' தட்டினால் வெறுமை. நூற்று நாற்பத்து நாலு துளைகளுக்கு எழுதியிருந்த எதுவும் இல்லை. தலைவனுக்கு ஒன்றும் தெரியாததால் இப்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. கல்லூரியில் நான் மறக்கச் சொல்லியும் மறக்காத அதே ஏற்பாடுதான் இங்கே ஒரே நொடியில் எல்லாவற்றையும் மறந்திருந்தது.

லேப்டாப்பில் மூன்று வாரத்துக்கு முந்தைய நகல் இருந்தது. அதை எடுத்து அப்படியே ஒட்டப் போனேன். நல்லவேளை, கை நின்றது. பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் பெட்டி எண்கள் மாறியிருந்தன. வந்தவன் ஒன்றாம் எண்ணோடு வந்தான், தலைவனான பிறகு அதை விடுவானா? பழைய ஒன்றாம் பெட்டி இப்போது நாலு. நகலில் '1/0/5' என்று இருப்பது ஆய்வகத்தின் கணினி. ஒட்டினால் அது கேபிளே இல்லாத காலிப் பெட்டியின் ஐந்தாம் துளைக்குப் போய்ச் சேரும்.

பெட்டியின் முகத்தில் 'மோடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ஸ்டாக் விளக்குக்கு வந்தால், அந்தப் பெட்டியின் எண் எதுவோ அந்த எண்ணுள்ள துளையின் விளக்கு மட்டும் கண்சிமிட்டும். மற்ற உறுப்பினர்களின் எண்கள் நிலையாக எரியும். நாலு பெட்டியிலும் அழுத்திப் பார்த்துக் காகிதத்தில் குறித்தேன். மேலேயிருந்த பெட்டியில் நான் கையால் எழுதி ஒட்டிய '1' என்ற ஸ்டிக்கர். அதற்குக் கீழே நாலாம் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

புதிதை அணைத்துக் கழற்றினேன். மூன்றையும் பழையபடி வளையமாகக் கோத்தேன். 'ஸ்விட்ச் 4 ரீநம்பர் 1', பிறகு அந்தப் பெட்டிக்கு மட்டும் மறுதுவக்கம். எண்கள் சரியானதும் நகலை எடுத்துக் கன்சோலில் ஒட்டினேன். கன்சோல் வேகம் 9600, நொடிக்கு ஆயிரம் எழுத்துகூட இல்லை. ஆயிரத்துச் சொச்சம் வரியை மொத்தமாகக் கொட்டினால் அது விழுங்க முடியாமல் நடுநடுவே எழுத்தைத் துப்பிவிடும். 'சுவிட்போர்' என்றும் 'அக்சஸ் லான்' என்றும் தலையில்லாத வரிகளாகப் பிழை ஓடியது. நிறுத்தினேன். மேலாண்மை விலானுக்கு ஒரு முகவரியையும், லேப்டாப் செருகிய துளையையும் மட்டும் கையால் தட்டிவிட்டு, கோப்பை டிஎஃப்டிபி முறையில் வலை வழியாக முழுதாக ஏற்றினேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம். பயத்தில் எளிய வழி கண்ணுக்குப் படாது.

பன்னிரண்டே முக்காலுக்கு போன்கள் பேசின, பில்லிங் திறந்தது. ஒன்றரைக்குக் காவலாளி வந்தார். "சார், கேமரா எதுவும் வரலைங்க."

அது இன்னொரு பாடம். அந்த அடுக்கில் விலான்களின் பதிவேடு கான்ஃபிக்கில் இல்லை, 'விலான் டாட் டேட்' என்று தனிக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பின் நகல் என்னிடம் இல்லை. கணினித் துளையில் ஒரு விலான் எண்ணைச் சொன்னால், இல்லாத விலானை ஸ்விட்சே உண்டாக்கிக்கொள்ளும். அதனால் மற்றவை பிழைத்தன. கேமரா விலான் எந்தத் துளைக்கும் சொந்தமில்லை, ட்ரங்க் வழியாக மூலையிலுள்ள சின்ன ஸ்விட்சுக்குக் கடந்து போவது மட்டும்தான். வழிப்போக்கனை யாரும் பதிவு செய்யவில்லை. 'விலான் 60' என்று இரண்டே சொல் தட்டியதும் கேமராக்கள் வந்தன. அன்றிலிருந்து என் அடுக்குகள் எல்லாம் 'விடிபி ட்ரான்ஸ்பரன்ட்' முறையில்தான். அப்படி வைத்தால் விலான்களும் கான்ஃபிக்குக்குள்ளேயே எழுதப்படும்.

காலையில் நிர்வாக அதிகாரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மின்சாரத்தின் மேல் பழி போட ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் யூபிஎஸ் பதிவேட்டை அவர் ஒருமுறை பார்த்தால் போதும். ஒன்றரை மணி நேரம் கையால் எழுதிய பில்களை என் முன்னாலேயே எண்ணிக் கணினியில் ஏற்றச் சொன்னார். நான் உட்கார்ந்து ஏற்றினேன்.

மறு வாரம் நாலாவது பெட்டியைச் சேர்த்தேன். இந்த முறை முதலில் பழைய ஒன்றுக்குப் பதினைந்து, இரண்டுக்குப் பதினாலு. மேசையில் புதியதன் எண்ணை நாலாக்கி, முன்னுரிமையை ஒன்றாக்கி, 'ஷோ ஸ்விட்ச்' தட்டிக் கண்ணால் பார்த்தேன். கான்ஃபிக், விலான் கோப்பு இரண்டின் நகலும் லேப்டாப்பில். பவர் வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் ரேக்குப் பக்கம் போனேன். கோத்து முடித்த பிறகே வயர் வெளியே வந்தது. ஒரு பெட்டி மட்டும் ஊளையிட்டது. சிஸ்டர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது என்னிடம் நாலைந்து பையன்கள் வேலை செய்கிறார்கள். பெட்டிகளும் மாறிவிட்டன. திரையில் பார்த்துச் சொடுக்கினாலே பல வேலை முடிகிறது. ஆனாலும் ராத்திரி போன் வரும். "அண்ணா, புது ஸ்விட்சை ஸ்டாக்கில போடப் போறேன்" என்பான். கமாண்ட் என்னவென்று நான் கேட்பதில்லை, அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பவர் ஒயர் எங்கடா இருக்கு?"

"கழட்டிட்டேன்ணா."

"அது சரி, எங்க இருக்கு?"

கொஞ்சம் மௌனம். "பையில வச்சுக்கறேன்ணா."